ஒன்றாம் இலக்கம்

எனக்கு விசார்ட்டுகளைப் பிடிக்காது. ஒரு மென்பொருளை நிறுவும்போது பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்டு, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'அடுத்தது' என்றொரு பொத்தானை வைத்துக்கொண்டு வருமே, அதைத்தான் சொல்கிறேன். கலியாண வீட்டில் ஐயர் சொல்லச் சொல்ல, பொருள் தெரியாமலே திருப்பிச் சொல்கிற மாப்பிள்ளை மாதிரி நாமும் 'அடுத்தது, அடுத்தது' என்று அழுத்திக்கொண்டு போவோம். கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வரும். அதைப் பார்த்ததும் எல்லாரும் எழும்பித் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

நான் பண்டத்தரிப்பில் இருந்துகொண்டு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் கணினி வேலை செய்து கொடுக்கிறவள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். வாடிக்கையாளர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய கடவுச்சொல்லெல்லாம் என்னிடம் இருப்பதால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் உரும்பிராயில் திருமண சேவை நடத்தும் மாஸ்ரர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதும், வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுத் தொடங்கினார். பிள்ளைகளின் சாதகக் குறிப்பைத் தாய் தகப்பன்மார் கொண்டுவந்து கொடுப்பார்கள். வயது, நட்சத்திரம், செவ்வாய் உண்டா இல்லையா, கிரக பாவம் எத்தனை புள்ளி, என்ன வேலை, என்ன எதிர்பார்ப்பு, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுப்பார். வரன் தேடி வருகிறவர்களுக்குத் திரையைத் திருப்பிக் காட்டுவார். அவருடைய மென்பொருள் அந்த இலக்க வரிசையைத் தலைகீழாக்கி, புதிதாக வந்தவர்களை மேலேயும் பழையவர்களைக் கீழேயும் காட்டும். வருகிறவர்கள் முதல் பக்கத்தைப் பார்ப்பார்கள், மிஞ்சினால் இரண்டாம் பக்கம். அதற்குள் யாராவது ஒருவரின் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கத்தரிக்காய் வாங்கினாலும் கூடையின் அடியைக் கிளறிப் பார்க்கிற சனம், கலியாணத்துக்கு மட்டும் மேலே கிடப்பதைப் பார்த்ததோடு திருப்திப்பட்டுவிடும்.

தென்மராட்சிப் பக்கத்துச் சனம் பேருந்து ஏறி உரும்பிராய்க்கு வருவது கரைச்சல் என்று, மாஸ்ரர் சாவகச்சேரியில் ஒரு கிளை திறக்க நினைத்தார். அவருடைய மருமகள் அங்கேதான் இருக்கிறாள், சந்தைக்குக் கிட்ட. அவள் ஒரு புதுக் கணினியோடு கிளையைப் பார்த்துக்கொள்வாள். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும். உரும்பிராயில் பதிந்தவர் உடனே சாவகச்சேரியில் தெரிய வேண்டும், அங்கே பதிந்தவர் இங்கே தெரிய வேண்டும். அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஒரு தரவுத்தளத்தில் எது மாறினாலும், மற்றத் தரவுத்தளத்திலும் அதைத் தானாகவே மாற்றிவிடும். அதை அமைத்துத் தருவதுதான் என் வேலை.

நூற்றுக்கணக்கானவர்கள் இருந்த அந்தத் தரவுத்தளத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான். ஒன்றாம் இலக்கம். எந்தத் திருத்த வேலை செய்தாலும், எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நான் முதலில் திறப்பது ஒன்றாம் இலக்கத்தைத்தான். அதனால் ஆளைக் காணாமலே அவரைப் பற்றி எல்லாம் எனக்கு மனப்பாடம். சாவகச்சேரிப் பக்கத்துப் பெண். அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். அனுச நட்சத்திரம். செவ்வாய் இல்லை. பாவமும் குறைவு. எதிர்பார்ப்பு என்ற இடத்தில் 'நல்ல குணம்' என்று மட்டும் இருந்தது. மாஸ்ரர் சேவையைத் தொடங்கிய நாளில் முதல் ஆளாக வந்து பதிந்தவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பலரின் பெயர்களுக்கு எதிரே 'முற்றாகிவிட்டது' என்று ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது. சிலருக்குப் பிள்ளைகளும் பிறந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கியாயிற்று. ஒன்றாம் இலக்கத்துக்கு எதிரே இன்னும் 'தேடப்படுகிறது' என்றே இருந்தது. அவருக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது.

கிளை திறப்பதற்கு முதல் நாள் நான் சாவகச்சேரிக்குப் போய், புதுக் கணினியில் மென்பொருளை ஏற்றி, தரவுத்தளம் வெறுமையாக இருக்கிறதென்று பார்த்துவிட்டு வந்தேன். வரும்போது மருமகளிடம், "நாளைக்கு நான் மாஸ்ரர் வீட்டிலை இருந்து தொடுத்து முடியுமட்டும் இதிலை ஒண்டையும் தொடாதேங்கோ" என்று சொன்னேன். "ஓம் அக்கா, நான் கிட்டவும் போகன்" என்றாள்.

மறுநாள் காலை உரும்பிராயில் மாஸ்ரரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பழைய பதிவுகளுக்கு ஒரு பிரதி எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு விசார்ட்டைத் திறந்தேன். முதலாவது தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்று கேட்டது, சொன்னேன். இரண்டாவது எங்கே என்று கேட்டது, சொன்னேன். ஒரு பக்கமிருந்து மட்டும் போக வேண்டுமா, இரு பக்கமும் போய்வர வேண்டுமா என்று கேட்டது. இரு பக்கமும் என்றேன். ஒரே இலக்கத்தில் இரண்டு பதிவுகள் மோதிக்கொண்டால் எதை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டது. கடைசியாக எழுதப்பட்டதையே வைத்திருக்கலாம் என்று அதுவே ஒரு விடையைத் தெரிவுசெய்தும் வைத்திருந்தது. மறுபக்கம் வெறுமையாக இருக்கும்போது எது எதோடு மோதப் போகிறது? அடுத்தது என்று அழுத்தினேன். பச்சை அடையாளம் வந்தது. இரண்டு பக்கமும் எத்தனை பதிவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். பழைய தொகையே இரண்டிலும் இருந்தது. மாஸ்ரரின் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது சாவகச்சேரியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

"அக்கா, இஞ்சை எல்லாரும் வந்திட்டினம். மாமாவின்ரை ஆக்கள் எல்லாரையும் என்ரை கொம்பியூட்டரிலை காணக் கிடைச்சிட்டுது." மருமகளின் குரலில் அப்படி ஒரு சந்தோசம். "என்ரை சுழி அங்கை வந்திட்டுதோ?"

"என்ன சுழி?"

"பிள்ளையார் சுழி அக்கா. காலமை நல்ல நேரத்துக்கு ஒரு சுழி போட்டு சேவ் பண்ணினனான். புதுக் கொம்பியூட்டர், வெறுமனே தொடங்கக் கூடாதெல்லே."

"நான் தொடாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லோ?"

"தொடேல்லை அக்கா. சுழி மட்டும்தான் போட்டனான்."

இதற்கு மேல் என்ன கேட்பது? எங்கள் ஊரில் கடைச் சிட்டை எழுதினாலும் சரி, கலியாண வீட்டுச் சாமான் பட்டியல் எழுதினாலும் சரி, தலைப்பில் ஒரு உ போடாமல் பேனை நகராது. அது கையின் பழக்கம். அதை ஒரு வேலை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தொடாதே என்றால் சுழியும் போடாதே என்று அர்த்தமாகும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தோன்றவில்லை.

பட்டியலை அடிவரை இழுத்துப் பார்த்தேன். கடைசி வரியில், ஒன்றாம் இலக்கத்தில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'உ' என்று இருந்தது. நட்சத்திரம் இல்லை, இராசி இல்லை, வயது இல்லை. மென்பொருள் தானாகவே போடுகிற இரண்டு விடயங்கள் மட்டும் பக்கத்தில் இருந்தன. 'ஆண்', 'தேடப்படுகிறது'. ஆற்றங்கரையில் சும்மா இருந்த பிள்ளையாரைப் பிடித்துவந்து எங்கள் மாஸ்ரரிடம் வரன் தேடப் பதிந்துவிட்டிருந்தாள் அந்தப் பிள்ளை.

சிரிப்பு வந்தது. பிறகுதான் அந்த இலக்கத்தைத் திரும்பப் பார்த்தேன். புதுக் கணினியில் முதலாவதாகப் போட்ட பதிவுக்கு மென்பொருள் ஒன்று என்று இலக்கம் கொடுத்திருக்கிறது. உரும்பிராயிலும் ஓர் ஒன்று இருந்தது. இரண்டு ஒன்றுகள் மோதின. கடைசியாக எழுதப்பட்டது எதுவோ அது நிற்கட்டும் என்று நான்தான் 'அடுத்தது' அழுத்தினேன். சுழி அன்று காலை எழுதப்பட்டது. அந்தப் பெண்ணின் பதிவு எத்தனையோ வருடப் பழையது. சுழி நின்றது, அவர் போய்விட்டார், இரண்டு கணினியிலிருந்தும். ஒருவர் போன இடத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்ததால் தொகையும் குறையவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையார் பிள்ளையாராகத்தான் வந்தார், ஒரு பெண்ணைத்தான் காணவில்லை.

"மாஸ்ரர், ஒண்டாம் நம்பர் அழிஞ்சு போச்சு" என்றேன். நடந்ததைச் சொன்னேன். "பயப்பிட ஒண்டுமில்லை. காலமை எடுத்த பிரதி என்னட்டை இருக்கு. சுழியை எடுத்துப்போட்டு அவவைத் திருப்பிப் போடுறன்."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"போட்ட சுழியை அழிக்கிறதோ? கிளை திறந்த அண்டைக்கே? வேண்டாம் பிள்ளை, அது நல்லாயில்லை."

"அப்ப அவ?"

"அவ பழைய ஆள். அவவின்ரை குறிப்பை ஆரும் கேட்டே எவ்வளவு காலம். விடும். ஒண்டாம் இடம் பிள்ளையாருக்குத்தான் பொருத்தம்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. மாஸ்ரர் வயதில் மூத்தவர், நல்ல மனிதர், ஒருவரையும் நோகப் பேச மாட்டார். அதனால்தான் கூடுதலாகக் கொதித்தது. கெட்ட மனிதர் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

"ஆரும் கேக்கேல்லை எண்டது வேறை, ஆளே இல்லை எண்டது வேறை மாஸ்ரர். அவ உங்களை நம்பித்தான் குறிப்புத் தந்தவ. தன்ரை குறிப்பு இஞ்சை இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு இருப்பா. இல்லாத குறிப்புக்கு எங்கையிருந்து மாப்பிள்ளை வரும்?"

வெளியே தெருவில் வெங்காயம் ஏற்றிய லொறி ஒன்று போனது. அது போய் முடிந்ததும் மாஸ்ரர் சொன்னார்:

"நான் மறக்கேல்லைப் பிள்ளை. தேர்த் திருவிழாவிலை போன வருசமும் அவவைக் கண்டனான். தூரத்திலை கண்டவுடனை மற்றப் பக்கத்தாலை சுத்திப் போனனான். அவ ஒண்டும் கேக்க மாட்டா. சிரிப்பா. எனக்குத்தான் முகம் குடுக்கேலாமல் கிடக்கு."

அதைக் கேட்டபின் என் கோபம் பாதியாகிவிட்டது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டுதான் வேலையைச் செய்தேன்.

"சரி, சுழி கிடக்கட்டும்" என்றேன். "அவவுக்குப் புது நம்பர் ஒண்டு குடுக்கிறன்."

"புது நம்பர் குடுத்தால் புதுசாய் வந்த ஆள் எண்டு நினைப்பினம். அது பொய்யில்லையோ?"

"வயசை மாத்தேல்லை, நட்சத்திரத்தை மாத்தேல்லை, பாவத்தைக் கூட்டேல்லை குறைக்கேல்லை. நம்பரிலை என்ன மாஸ்ரர் பொய்?"

கணக்குப் படிப்பித்தவர். நம்பரில் பொய் இல்லை என்பதை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "செய்யும்" என்றார்.

பையிலிருந்த பிரதியைத் திறந்து அவருடைய பதிவை மட்டும் எடுத்தேன். ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் புதுப் பதிவாகப் போட்டேன். அடுத்த நொடி அது சாவகச்சேரியிலும் தெரிந்தது. பிறகு விசார்ட்டைத் திரும்பவும் முதல் பக்கத்திலிருந்து திறந்து, இம்முறை ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வாசித்தேன். உரும்பிராய் ஒற்றை இலக்கங்களைக் கொடுக்கட்டும், சாவகச்சேரி இரட்டை இலக்கங்களைக் கொடுக்கட்டும் என்று பிரித்துவிட்டேன். எப்போதாவது இரண்டு பதிவுகள் மோதினால் நீயாக ஒன்றும் முடிவெடுக்காதே, மனிதரைக் கேள் என்றும் அமைத்தேன். மருமகளிடம் தொலைபேசியில், இனிச் சுழி போடுவதென்றால் மேசையில் ஒரு கடுதாசி வைத்துப் போடும்படி சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கடுதாசியிலையும் போட்டனான் அக்கா" என்றாள்.

எழும்பும்போது திரையைப் பார்த்தேன். புதிதாகப் பதிந்தவர்கள் மேலே வருவார்கள் அல்லவா? பட்டியலின் முதல் வரியில் அவர் இருந்தார். எழுதுவினைஞர், அனுசம், நல்ல குணம். நான் நினைத்துச் செய்யவில்லை. ஓர் ஆள் தொலைந்து போகக் கூடாது என்பதற்கு மேல் அன்றைக்கு நான் ஒன்றும் யோசிக்கவில்லை. மாஸ்ரரும் பார்த்தார்.

சில வாரங்கள் கழித்து, சாவகச்சேரியில் இணைப்பு அடிக்கடி அறுகிறது என்று மருமகள் கூப்பிட்டாள். ஒரு பின்னேரம் ஸ்கூட்டியில் போனேன். கம்பி ஒன்று இளகியிருந்தது, வேறொன்றும் இல்லை. நான் மேசைக்குக் கீழே குனிந்திருக்கும்போதே அவள் கதையைத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, அந்த ஒண்டாம் நம்பர் அக்காவைக் கேட்டு வந்தவை தெரியுமோ? மாமாவிட்டை உரும்பிராயிலை ஒரு தாய் வந்தவ. மகன் வெங்காயத் தோட்டம் செய்யிறவர், நாப்பத்தஞ்சு வயசு. முதல் பக்கத்தைப் பாத்திட்டு உந்தப் பிள்ளையின்ரை குறிப்பைத் தாங்கோ எண்டு கேட்டவவாம். பொருத்தமும் நல்லாயிருக்காம். இஞ்சையும் ஒரு ஆக்கள் கேட்டவை. அவ இண்டைக்குப் புதுப் படம் கொண்டு வாறா. கந்தோர் வேலை முடிஞ்சு வருவா."

மேசைக்குக் கீழிருந்து எழும்பிய வேகத்தில் தலையை இடித்துக்கொண்டேன்.

அவர் வந்தபோது, இவர்தான் ஒன்றாம் இலக்கம் என்று நான் உடனே மட்டுக்கட்டவில்லை. இத்தனை வருடமாக ஒரு வரியாகப் பார்த்தவருக்கு நடை, குடை, கைப்பை என்றெல்லாம் இருந்தது ஒரு மாதிரி இருந்தது. மெல்லிய ஆள். வியர்வையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். படத்தை ஒரு கடித உறையில் கொண்டுவந்திருந்தார். மருமகள் தேத்தண்ணீர் கொடுத்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. இந்த அக்காதான் கொம்பியூட்டர் அக்கா என்று தொடங்கி, சுழி போட்டது, அது அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது, நான் புது இலக்கம் போட்டது, எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டாள். மாஸ்ரர் 'விடும்' என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

அவர் சுழிக் கதைக்குச் சிரித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப என்ரை குறிப்பிலை நீங்கள் ஒண்டும் மாத்தேல்லையோ?"

"இல்லை அக்கா. இருந்தபடிதான் இருக்கு."

"வயசு?"

"அதுவும் அப்பிடித்தான்."

"அப்ப இவ்வளவு நாளும் நான் எங்கை இருந்தனான்?"

மருமகள் திரையைத் திருப்பி, பட்டியலின் மேலிருந்து அடிவரை இழுத்துக் காட்டினாள். பக்கங்கள் ஓடி ஓடிக் கடைசியில் நின்றன. அவர் அந்தக் கடைசி வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அம்மா சாகுமட்டும் என்ரை குறிப்பிலைதான் ஏதோ குறை எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவ" என்றார். குரல் உயரவில்லை. "வருசா வருசம் புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிச்சனாங்கள். நான் விரதமும் பிடிச்சனான். சனீஸ்வரனிலை ஒரு பிழையும் இல்லைப் போலை. நான் அடியிலை கிடந்திருக்கிறன், அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இணைப்பைச் சரிபார்ப்பது போலத் திரும்பவும் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டேன். யாரோ ஒருவர் இளக்கமாகச் செருகிவிட்ட கம்பிக்கு ஒரு வீடே கிரகங்களைக் குறை சொல்லிக்கொண்டு இருந்த மாதிரி எனக்குப் பட்டது. மருமகள் விசுக்கோத்துத் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"வெங்காயம் செய்யிறவர் வரட்டும், பாப்பம்" என்றார். "வந்து கதைச்சால்தானே ஆள் எப்பிடி எண்டு தெரியும். மாஸ்ரரிட்டையும் சொல்லுங்கோ, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலை நிப்பன் எண்டு."

படத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். குடையை எடுத்தார். வாசல்வரை போனவர் அங்கே நின்றார்.

"தங்கச்சி, நான் இப்ப மேலை வந்திட்டன். அடியிலை, சுழிக்கு மேல் வரியிலை, இப்ப ஆர் இருக்கினம்?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

"ரெண்டாம் நம்பர் அக்கா" என்றேன். "அவவும் பொம்பிளைதான். இன்னும் முற்றாகேல்லை."

அவர் திரும்பி வந்தார். குடையை மேசைக்கரையில் சாத்தினார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பழையபடி கதிரையில் உட்கார்ந்தார்.

"அவவுக்கும் ஒரு புது நம்பர் போடுங்கோ. எனக்கு அவசரமில்லை, இருந்து பாத்திட்டுப் போறன்."